எங்கள் வீட்டு மீனாட்சி அரசாங்கச் சொத்து

"மோட்டாரை ஆஃப் பண்ணு!" என்று எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது குரல் வரும். மாடித் தொட்டி நிரம்பி வழியும்போது அம்மா போடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுக் கிளி பிடித்துக்கொண்டது. தொட்டி நிரம்பினாலும் கத்தும், கரண்டே இல்லாவிட்டாலும் கத்தும். எனக்குத் தொழிலே மோட்டார் ரீவைண்டிங். வீட்டின் முன்பக்கம்தான் கடை. நான் காயிலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து இந்தக் குரல் வந்தால், புது வாடிக்கையாளர்கள் பதறிப்போய் சுவிட்சைத் தேடுவார்கள்.

அதன் பெயர் மீனாட்சி. மதுரையில் கிளிக்கு வேறு என்ன பெயர் வைப்பது? ஆனால் மூன்றாவது வருடம் கழுத்தைச் சுற்றிக் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம் வந்தது. ஆண் கிளிக்குத்தான் அந்த ஆரம் வரும், அதுவும் வளர்ந்த பிறகுதான் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். "சொக்கன்னு மாத்திரலாமாம்மா?" என்று கேட்டேன். "மூணு வருசமா கூப்பிட்டாச்சு, இப்பப் போயி மாத்துனா அது திரும்பிப் பாக்குமா?" என்றார் அம்மா. மீனாட்சியாகவே இருந்தான்.

2024 ஆகஸ்ட் மாதம் ஒரு பெரியவர் எரிந்துபோன மோனோபிளாக் மோட்டாரைக் கொண்டு வந்தார். தென்னந்தோப்புக்காரர். நான் கவரைக் கழற்றிக் கருகின காயிலைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து வழக்கமான கட்டளை வந்தது. அவர் பதறவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு இரண்டாவது தடவையும் கேட்டார்.

"தம்பி, அது நம்மூர்ப் பச்சைக்கிளியா, வெளிநாடா?"

"எங்க கிளிதான் சார். பத்து வருசமா இருக்கு."

"உங்க கிளி இல்ல தம்பி. அது அரசாங்கச் சொத்து."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வனக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவராம். மிரட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. பேங்கில் ஒருவர் நமக்கு ஃபாரம் நிரப்பச் சொல்லித்தருவாரே, அப்படிப் பேசினார். "நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல. ஆனா யாராவது ஒருத்தர் போன் பண்ணாப் போதும். அதுக்கு முன்னாடி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துருங்க" என்றார். மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, அட்வான்ஸ் ஐந்நூறு கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி மகளை உட்கார வைத்து அந்தச் சட்டத்தைப் படித்தேன். அவள் பி.காம். இரண்டாம் வருடம். நான் பன்னிரண்டாவதோடு சரி. அவள் வாசிக்க வாசிக்க நான் தமிழில் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டேன். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972. அம்மாவுக்குக் கல்யாணமான வருடமும் அதுதான்.

அதில் என்னை முதலில் உலுக்கியது தண்டனை இல்லை. 'வேட்டை' என்ற சொல்லுக்கு அவர்கள் சொல்லியிருக்கும் பொருள்தான். வேட்டை என்றால் துப்பாக்கி, ஜீப், டார்ச் லைட் என்று நினைத்திருந்தேன். உயிரோடு பிடிப்பதும் வேட்டை, கண்ணி வைப்பதும் வேட்டை, கூட்டைக் கலைத்து முட்டையை எடுப்பதும் வேட்டை. அப்படிச் சட்டத்தை மீறிப் பிடித்ததோ வளர்த்ததோ எதுவானாலும் அது அரசின் சொத்து. அப்படி ஒன்று நம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீசிலோ வனத்துறையிலோ சொல்லிவிட வேண்டும். மகள் கணக்குப் போட்டாள். நான் பத்து வருடமும் நான்கு மாதமும் தாமதம்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று தரம்பிரித்துப் பட்டியல் போட்டிருப்பதைத்தான் அட்டவணை என்கிறார்கள். பழைய சட்டத்தில் பச்சைக்கிளி நான்காம் அட்டவணையில், கொஞ்சம் ஓரமாக இருந்தது. 2022-இல் திருத்தம் கொண்டுவந்து, ஆறு அட்டவணைகளை நான்காகக் குறைத்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். அதில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு ஏறிவிட்டது. மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கோர்ட்டுக்குப் போகாமல் அதிகாரியிடமே இணக்கக் கட்டணம் கட்டி முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதற்கு உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாய், இப்போது 5 லட்சம். 2023 தொடக்கத்தில் ஒரு சினிமா நடிகர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிளிகளை எடுத்துக்கொண்டுபோய் அபராதம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? தோளில் சிவப்புத் திட்டு இருக்கும் 'அலெக்சாண்டரின்' என்ற வகை. அந்தச் செய்தியை டி.வி.யில் நாங்கள் குடும்பத்தோடு பார்த்தோம். மீனாட்சியும் பார்த்தான். நடிகர்கள் வீட்டில் நடப்பது நம் வீட்டில் நடக்காது என்ற நினைப்பில் சேனலை மாற்றிவிட்டோம்.

அம்மாவிடம் சொல்வதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அங்கே ஆண்டாள் கையில் தினமும் ஒரு கிளி. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுவார்கள். சின்ன வயதில் அம்மா வீட்டுத் திண்ணையிலும் ஒரு கிளிக்கூண்டு தொங்கியதாம். அப்போது அது தப்பே இல்லை. சட்டமே வரவில்லை. சட்டம் வந்த பிறகும்கூட லைசென்ஸ் எடுத்து நம்மூர்ப் பறவைகளை விற்கிற வியாபாரம் நடந்துகொண்டுதான் இருந்தது. வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆனது. 1991-க்குப் பிறகுதான் பிடிப்பது, விற்பது எல்லாவற்றுக்கும் முழுத்தடை. ஆக அம்மாவின் பால்யத்துக்கும் என்னுடைய குற்றத்துக்கும் நடுவில் இரண்டு சட்டங்கள் வந்து நிற்கின்றன. அதை எப்படி எழுபது வயதுக்கு மேல் ஆனவருக்கு விளக்குவது?

எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. "கோயில்ல மீனாட்சியம்மன் கையில கிளி வச்சிருக்காளே, அவளையும் பிடிப்பாங்களா?"

"அது கல்லும்மா."

"அப்ப ஜோசியக்காரன்?"

"அவங்களையும்தான் பிடிக்கிறாங்க" என்று கடலூர் விஷயத்தைச் சொன்னேன். 2024 மக்களவைத் தேர்தலின்போது அந்தப் பக்கம் ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்தார். கிளியும் நல்ல சீட்டாகத்தான் எடுத்துக்கொடுத்தது. வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வனத்துறை வந்து ஜோசியம் சொன்னவரைப் பிடித்துப்போனது, கிளிகளையும் எடுத்துக்கொண்டது. வேட்பாளர் பிரசாரத்தைத் தொடர்ந்தார். இதைக் கேட்டு அம்மா கிளியை விட்டுவிட்டு அந்த ஜோசியருக்காக வருத்தப்பட ஆரம்பித்துவிட்டார். பேச்சு அன்றைக்கு அங்கேயே நின்றது.

அடுத்த நாள் அம்மா கேட்டது இன்னும் கஷ்டமான கேள்வி. எங்கள் தெருமுனையில் ஒரு பையன் சன் கன்யூர் வைத்திருக்கிறான். மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தீப்பிடித்த மாதிரி இருக்கும். தென் அமெரிக்கக் கிளி. தோளில் உட்கார வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வருவான். "அவன் வச்சிருக்கலாம், நான் வச்சிருக்கக் கூடாதா? அவன் கிளி பிளேன்ல வந்ததுன்னா அதுக்கு மரியாதையா?"

இதற்குச் சட்டம் ஒரு பதில் வைத்திருக்கிறது. காட்டுயிர்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்த 'சைட்ஸ்' என்று ஓர் உலக ஒப்பந்தம் இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை திருத்திய சட்டத்தின் புது நான்காம் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் 'பரிவேஷ்' என்ற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரி 28-இல் அதற்கான விதிகள் வந்தன, ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். குஞ்சு பொரித்தால், செத்தால், கைமாறினால் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். கிட்டத்தட்ட ரேஷன் கார்டு மாதிரி. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற குட்டிக் கிளிகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பட்ஜரிகர். அவை அந்தப் பட்டியலிலேயே இல்லாததால் இந்தத் தொல்லையும் கிடையாது. கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகியவை அவை. நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து எடுத்தது என்றுதான் அர்த்தம். வித்தியாசம் அங்கேதான். பையனிடம் கேட்டேன், பதிவு செய்தாயா என்று. "அப்படி ஒண்ணு இருக்காண்ணே?" என்றான்.

இன்னொன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். நீலம், மஞ்சள் என்று கலர் கலராக வளையக் கிளிகள் விற்கிறார்கள். கேட்டால் 'ஃபாரின்' என்பார்கள். அவையும் நம் பச்சைக்கிளி இனம்தான். சட்டத்தில் எழுதியிருப்பது இனத்தின் பெயர், நிறம் இல்லை. அதே போல வாஸ்துவுக்கு நல்லது, பணம் வரும் என்று முதுகில் நட்சத்திரம் போட்ட ஆமையைத் தொட்டியில் வைத்திருப்பவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு வீட்டில் இருக்கிறார்கள். அது இப்போது முதல் அட்டவணை. புலி இருக்கிற அட்டவணை. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே மூன்று வருடம். பணம் வருகிறதோ இல்லையோ, வக்கீல் வருவார்.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேனே தவிர, ஒன்றைச் சொல்லவில்லை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மீனாட்சி எப்படி வந்தான் என்பது.

2014 ஏப்ரல். அப்பா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அம்மா யாரோடும் பேசாமல் தறிக்கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். காயில் கம்பி வாங்கப் போன இடத்தில், ஒரு பாலத்தடியில் ஒருவர் ஈரச்சாக்கு போட்ட கூடையோடு உட்கார்ந்திருந்தார். சாக்கை ஒரு முனை தூக்கிக் காட்டினார். உள்ளே பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள். இறக்கை முளைத்தும் முளைக்காமலும், கண் மட்டும் பெரிதாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. ஒன்று முந்நூறு, இரண்டாக எடுத்தால் ஐந்நூறு என்றார். ஐந்நூறு கொடுத்தேன். ஷூ டப்பாவில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து, பொட்டுக்கடலை மாவைக் கரைத்து அம்மா ஸ்பூனில் ஊட்டினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அம்மா தானாக வாய் திறந்து ஒரு வேலை சொன்னது அன்றைக்குத்தான்: "ஏய்யா, அந்த லைட்டைப் பக்கத்துல போடு, குளிருது இதுகளுக்கு." மூன்றாம் நாள் காலையில் ஒன்று செத்துக் கிடந்தது. கழுத்துப் பை நிறைய மாவு அப்படியே இருந்தது, செரிக்கவே இல்லை. துளசிச் செடிக்குப் பக்கத்தில் புதைத்தோம். "கண்ணு பட்டுருச்சு" என்றார் அம்மா. நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். மரத்திலிருந்து விழுந்து கிடந்ததை ஒருத்தர் கொடுத்தார் என்று அக்கம்பக்கத்தில் சொன்னோம். கொஞ்ச நாளில் நானே அதை நம்பிவிட்டேன்.

அந்தக் கூடையைப் பற்றி இத்தனை வருடம் நான் யோசித்ததே இல்லை. பச்சைக்கிளி கூடு கட்டாது. பட்ட தென்னையிலோ ஆலமரத்திலோ பொந்து பார்த்துத்தான் முட்டை வைக்கும். தை, மாசியில் ஆரம்பித்துச் சித்திரைக்குள் முடித்துவிடும். பிடிப்பவருக்கும் அந்தக் கணக்கு தெரியும், மரமும் தெரியும். ஒரு பொந்தில் மூன்று நான்கு குஞ்சு என்றால் பன்னிரண்டு குஞ்சுக்கு எத்தனை பொந்து? கூடைக்கு வருவதற்கு முன் செத்தவை எத்தனை? இந்தக் கணக்கில் என் ஐந்நூறு ரூபாய், அடுத்த வருடம் அவர் மறுபடி ஏணியைத் தூக்கிக்கொண்டு போவதற்கான சம்பளம். வளர்த்தவன் எவ்வளவு பாசமாக வளர்த்தான் என்று சட்டம் ஏன் கேட்பதில்லை என்று முதலில் எனக்குக் கோபம் வந்தது. கூடையை நினைத்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது.

வேறொரு கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ஜோசியரைப் பிடிப்பது சுலபம், வீடியோ இருக்கிறது. அம்மாவைப் பிடிப்பது சுலபம், கிளி தெருவுக்கே கேட்கக் கத்துகிறது. கூடைக்காரர் பிடிபட்டாரா என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. 2024-இல் கோவையில் வனத்துறை, வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் தாங்களாகவே ஒப்படைக்க வேண்டும் என்று தேதி வைத்து அறிவித்தது. நல்ல காரியம்தான். மாசி மாதத்தில் மரத்தடியில் இரண்டு பேரை நிறுத்தினால் இன்னும் நல்ல காரியம்.

அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவராகவே அந்த அமேதி கதையை எடுத்தார். உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் கால் ஒடிந்து வயலில் கிடந்த சாரஸ் கொக்குக்கு மருந்து போட்டுத் தேற்றினார். கூண்டு இல்லை, கயிறு இல்லை. அது அவர் பைக்குக்குப் பின்னாலேயே பறந்து வரும். 2023 மார்ச்சில் வனத்துறை அதை எடுத்துப்போய்ச் சரணாலயத்தில் விட்டு, பிறகு கான்பூர் உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோனது. அவர் மேல் வழக்கும் வந்தது. அந்த வீடியோவை அம்மா போனில் பல தடவை பார்த்திருக்கிறார்.

"அந்தக் கொக்கு தொறந்துதான கெடந்துச்சு. பறந்து போகலாம், போகல" என்றார். கொஞ்ச நேரம் கூண்டையே பார்த்தார். "இது எங்க போவும், தொறந்து விட்டா?"

ஒரு தடவை திறந்துவிட்டுத்தான் பார்த்தோம், 2019-இல். இறக்கையில் பெரிய இறகுகளை வெட்டி வைத்திருந்ததால் தத்தித் தத்திப் போய் கிரைண்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, மோட்டாரை ஆஃப் பண்ணச் சொன்னான்.

செப்டம்பரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பெரியவரிடம் போனில் கேட்டபோது, "கீழ விழுந்து கெடந்துச்சுன்னு எழுதிக்கொடுங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார். தமிழ்நாட்டில் ஒப்படைக்கப்படும் கிளிகள் எல்லாமே தானாகத் தவறி விழுந்தவைதான் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பொய்யை மறுபடி எழுதக் கை வரவில்லை. உண்மையை எழுதவும் தைரியம் வரவில்லை. 'எங்கள் வசம் உள்ள பச்சைக்கிளி ஒன்றைத் தங்களிடம் ஒப்படைக்கிறேன்' என்று ஆரம்பித்து, எப்படி வசம் வந்தது என்ற வரியே இல்லாமல் முடித்துவிட்டேன். அங்கிருந்தவரும் அதைக் கேட்கவில்லை. அபராதம் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு, என்ன சாப்பிடும் என்று மட்டும் கேட்டார். அம்மா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: கோவைப்பழம், கொய்யா, ஊறவைத்த கொண்டைக்கடலை, பச்சை மிளகாய். "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தூங்கிரும், லைட்டு போடாதீங்க" என்றார் அம்மா. அதையும் எழுதிக்கொண்டார்.

இறக்கை வெட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இறகு உதிர்ந்து புதிதாக முளைக்க வேண்டும், பிறகு பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு விட்டுப் பறக்கிறதா என்று பார்ப்போம், மனிதரைக் கண்டு பயப்படாத கிளியை வெளியே விட்டால் பூனைக்குத்தான் சாப்பாடு, அப்படியிருந்தால் கூண்டிலேயே வைத்துக்கொள்வோம் என்றார்கள். ஜனவரியில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கம்பி வலைக்குள் ஒரு கூட்டமே இருந்தது. அத்தனைக்கும் பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, ஆண்களுக்கெல்லாம் ஆரம். "மீனாட்சி" என்று கூப்பிட்டேன். பத்து வருடம் பார்த்த எனக்கு எது என்று தெரியவில்லை. எதுவும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நல்லா இருக்கான், பறக்கப் பழகுறான் என்றேன்.

சென்னையில் ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் மொட்டைமாடியில் பலகை போட்டு ஊறவைத்த அரிசியை வைத்ததும், ஆயிரக்கணக்கில் கிளிகள் வந்து தின்றுவிட்டுப் போனதும் பழைய செய்தி. மகள் அந்த வீடியோவைக் காட்டியதிலிருந்து அம்மாவும் மாடிச் சுவரில் அரிசி வைக்கிறார். இதுவரை வந்தது காக்காயும் புறாவும் ஓர் அணிலும்தான். கிளிகள் சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கூட்டமாக வீட்டுக்கு மேலே கத்திக்கொண்டு போகின்றன, இறங்குவதில்லை. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தொட்டி நிரம்பி வழிந்தால் அவரே கத்துகிறார்.

கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். விடவில்லை. கழுவிக் காயவைத்து, சமையலறை மூலையில் தொங்கவிட்டுச் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார். காற்றோட்டமாக இருக்கிறதாம், அழுகுவதில்லையாம்.